வெள்ளிக்கிழமையை எழுதச் சொன்ன அக்கா

அடக்கப் பூசையின்போது அக்காவின் ஆன்மாவுக்கு இளைப்பாற்றி தரும்படி கோயிலில் எல்லோரும் சேர்ந்து வேண்டினார்கள். நானும் வாயசைத்தேன். ஆனால் மனத்துக்குள் ஒரு சங்கடம். இளைப்பாறுவது அக்காவுக்கு வராத காரியம். நாற்பத்தாறு வயதுக்குள் அவர் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்தது மிகவும் குறைவு. நின்றுகொண்டே சாப்பிடுவார். நடந்துகொண்டே படிப்பார். சாமி பிரசங்கம் செய்யும்போதுகூட அவருடைய கால் பெருவிரல் தரையில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும்.

ஓராண்டு முடிந்து இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுக்கிறோம். அக்காவுக்கும் மச்சானுக்கும் பிள்ளைகள் இல்லை. ஆகவே, “நீதான் எழுதோணும் மாப்பிள்ளை” என்று மச்சான் சொல்லிவிட்டார். நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். ஐ.டி.ஐ. படிப்போடு சரி. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில். அப்பாவும் அம்மாவும் அந்தத் தோப்பில் கூலி வேலை செய்தார்கள். தோப்புக்காரர் கொடுத்த ஒற்றை அறைதான் வீடு. எனக்கு நான்கு வயதாக இருந்தபோது அப்பா மரத்திலிருந்து விழுந்து இறந்தார். அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. கன்னியர்கள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, ஏழு வருடம் காத்திருந்தார். அந்த ஏழு வருடமும் களத்தில் அம்மாவோடு சேர்ந்து தேங்காய் உரித்தார், கொப்பரை உடைத்தார். என்னைப் படிக்க வைத்தது அந்தக் கூலிதான். தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் வேலையை விட்டு எழுந்துபோய் வரப்பில் நிற்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆனது. மச்சான் ஸ்பின்னிங் மில் தொழிலாளி. சில ஊர்களில் வேலை பார்த்த பிறகு, இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு அக்கா மாற்றலானார். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே தெரிந்த பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஊரிலேயே ஒரு வீடு பிடித்தோம். அதற்குள் அம்மாவும் இறந்துவிட்டதால் நானும் அவர்களோடுதான் இருந்தேன். வீட்டுக்காரம்மா முதல் நாளே, “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டார். “நாங்க கிறிஸ்தவங்கங்க” என்றார் மச்சான். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புத் தமிழ் அக்காவின் பொறுப்பு. முதல் வாரமே வீட்டில் புலம்ப ஆரம்பித்துவிட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தைக் கடகடவென்று சொல்கிறார்கள். ஆனால் நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டால், முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்து, அந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறார்கள். “படிக்கறதில்லைடா, பாடறாங்க” என்றார்.

அன்றிலிருந்து அக்காவின் வயர் கூடையில் சாமான் சேர ஆரம்பித்தது. உப்புப் பாக்கெட், தீப்பெட்டி, விதைப் பை, பழைய கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு. எதையும் தூக்கிப்போட விடமாட்டார். அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். மனப்பாடமாக இல்லாததை வாசித்துத்தானே ஆக வேண்டும். கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துப் பெண் எந்த ஊர், மாப்பிள்ளை எந்த ஊர், சாப்பாடு எங்கே என்று கேட்பார். ஆறே மாதத்தில், மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதே பிள்ளைகள் அரிசி மூட்டையில் இருந்த எழுத்தையெல்லாம் வாசித்தார்கள்.

கட்டுரைதான் அக்காவைப் பாடாய்ப்படுத்தியது. எங்கள் பள்ளி என்று தலைப்புக் கொடுத்தால் நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை. பள்ளி ஊரின் நடுவே இயற்கை எழிலோடு அமைந்திருக்கிறது என்று உரைநூலில் இருந்ததை அப்படியே எழுதியிருந்தார்கள். அந்தப் பள்ளிக்கு எதிரே இருந்தது இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரி கொட்டிய கரிமண் மேடு. நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “உரைநூலை மூடி வைங்க. கண்ணுல பாத்ததை எழுதுங்க, காதுல கேட்டதை எழுதுங்க” என்று சொல்லியிருக்கிறார். இரண்டு வாரம் ஒருவரும் எழுதவில்லை. பிறகு ஒரு பிள்ளை எழுந்து, “சாணி வழிச்சதை எழுதலாங்களா டீச்சர்?” என்று கேட்டதாம். “எழுது கண்ணு” என்றாராம்.

அதன் பிறகு எங்கள் வீட்டுச் சாயங்காலமே மாறிப்போனது. மச்சான் பகல் ஷிப்டு முடிந்து வந்திருப்பார். நானும் வந்திருப்பேன். அக்கா ஒரு கையில் நோட்டும் ஒரு கையில் காப்பி டம்ளருமாக நடையாய் நடந்துகொண்டே எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். “எங்க மாடு சினையா இருக்குது. அப்பா அதுகிட்ட மெதுவாப் பேசுவாரு. எங்கிட்டச் சத்தமாப் பேசுவாரு” என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. மச்சான் அதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ர, ற மாறினாலோ, ல, ள மாறினாலோ அக்கா விடமாட்டார். ஆனால் பிள்ளைகளின் பேச்சை அடிக்கவும் மாட்டார். ஊடு என்று எழுதியிருந்தால் அதை விட்டுவிட்டு ஓரத்தில் வீடு என்று எழுதுவார். “ஊடுன்னு பேசு, வீடுன்னு எழுது. ரெண்டும் உன்னுதுதான்” என்று சொல்லுவார். பக்கத்து வகுப்பு டீச்சர்கள் இதைக் கேட்டுச் சிரித்ததுண்டு.

மூன்றாம் வருடம். ஐந்தாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை என்று ஒரு தலைப்புக் கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை காலை முதல் சாயங்காலம் வரை நடந்ததை வரிசை மாறாமல் எழுத வேண்டும். நோட்டுகளைப் பள்ளியிலேயே திருத்திவிட்டு, நல்லதாக நாலைந்தை எங்களுக்கு வாசிக்க எடுத்து வந்தார். அதில் ஒன்று சரசு என்ற பெண்ணுடையது. ஊருக்கு வெளியே காலனியிலிருந்து வருகிற பிள்ளை. அந்தப் பக்கம் எனக்கு இன்றும் ஏறக்குறைய வரிக்கு வரி நினைவிருக்கிறது.

“கடைசிப் பீரியடு எல்லாரும் செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க. நானும் மாரியும் டீச்சருங்க கக்கூசு கழுவுவோம். மாரி தண்ணி கொண்டு வருவா. நான் சீமாத்துல தேப்பேன். பினாயில் வாசம் எனக்குப் பிடிக்கும். முடிச்சதும் கை கழுவ எட்மாஸ்டர் சார் சோப்புக் குடுப்பாரு. சோப்பு எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான்.”

அக்கா வாசித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தார். நான், “ஏனக்கா, அந்த ரெண்டு புள்ளைக மட்டும் எதுக்குக் கழுவுதுக?” என்று கேட்டேன்.

“முறை போட்டுக் கழுவுவாங்களா இருக்கும்” என்றார். சொல்லிக்கொண்டே நின்றுவிட்டார். சரசுவின் நோட்டைத் திரும்ப எடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கக்கூசு என்பதன் ஓரத்தில் கழிப்பறை என்றும், சீமாத்துல என்பதன் ஓரத்தில் துடைப்பத்தால் என்றும் எழுதியிருந்தார். தேப்பேன் என்பதைத் தேய்ப்பேன் என்று திருத்தியிருந்தார். கீழே, “வரிசை மாறாமல் எழுதியிருக்கிறாய். நன்று” என்று எழுதிப் பத்துக்கு எட்டு மார்க் போட்டிருந்தார்.

கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, மிச்ச நோட்டுகளையும் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். செடிக்குத் தண்ணீர், செடிக்குத் தண்ணீர், குப்பை பொறுக்கினேன், செடிக்குத் தண்ணீர். கழுவியது சரசுவும் மாரியும்தான். மாரியும் காலனிப் பிள்ளை.

“அது நாங்க போற கக்கூசுடா” என்றார் அக்கா. “திங்கக்கிழமை போனா சுத்தமா இருக்கும். மூணு வருசமா யாரு கழுவறாங்கன்னு நான் ஒருத்தருகிட்டயும் கேக்கலை. இப்ப அந்தப் புள்ளையே எழுதிக் குடுத்திருக்குது. நான் தேப்பேனைத் தேய்ப்பேன்னு திருத்திட்டு இருந்திருக்கேன்.”

மச்சான், “சரி விடு. நாளைக்கு எட்மாஸ்டருகிட்டச் சொல்லு” என்றார். அக்கா விடவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். பிறகு, என்னிடமோ மச்சானிடமோ அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். சிறு வயதில் தோப்புப் பக்கத்துப் பள்ளியில் படித்தபோது அவரும் கழுவியிருக்கிறார். “அப்ப எனக்கு அது தண்டனையாத் தெரியலை. நம்ம வேலைன்னு நெனச்சேன். அதுதான் இப்பவும் கண்ணுல படலை. வேற ஒரு டீச்சரா இருந்து, அவங்க கண்ணுல படாமப் போயிருந்தா நான் என்னெல்லாம் பேசியிருப்பேன்” என்றார்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் பேசியதை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. மரியாதை தெரிந்தவர். பிள்ளைகளைக்கூட அதட்டிப் பேசமாட்டார்.

“பஞ்சாயத்துல ஆளு குடுக்க மாட்டேங்கறாங்க டீச்சர். நானும் எழுதி எழுதிப் பாத்துட்டேன். அந்தப் புள்ளைகளுக்குன்னா பழக்கமுங்க, மொகஞ்சுளிக்காமச் செய்யுதுக.”

“எனக்கும் பழக்கந்தானுங்க சார். நானும் அந்தப் புள்ளைக மாதிரி ஊட்டுல இருந்து வந்தவதானுங்க. இந்த வெள்ளிக்கெழமை நானே கழுவிக்கறேனுங்க.”

அவர் அறையில் இருந்த மற்ற டீச்சர்களைத் திரும்பிப் பார்த்தாராம். அவர்கள் நோட்டுகளைப் புரட்டினார்களாம். பிறகு மெதுவாக, “அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போடுங்க டீச்சர். நோட்டை யாராச்சும் பாத்தா நல்லா இருக்காதுங்க” என்றாராம்.

“மார்க்குப் போட்டுட்டனுங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். சரசு அதற்கு முன்பே துடைப்பத்தோடு வாசலில் நின்றிருக்கிறாள். துடைப்பத்தைக் கேட்டால் தரவில்லை. அழுகை வந்துவிட்டது.

“டீச்சர், நான் தப்பா எழுதிப்போட்டனுங்களா?”

“இல்லை கண்ணு. நீ சரியாத்தான் எழுதுன. நாந்தான் சரியாப் படிக்கலை” என்று சொல்லித் துடைப்பத்தை வாங்கியிருக்கிறார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்களாம்.

அந்தச் சேதி ஊருக்குள் போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போய்த் திரும்பியபோது வீட்டுக்காரம்மா வாசலில் நின்றார். குரலில் கொஞ்சம்கூடக் கடுமை இல்லை. “டீச்சரம்மா, பெரியவனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறோமுங்க. ஊடு வேணுமுங்க. அவசரமில்லைங்க, மாசம் முடியறதுக்குள்ள பாத்துக்குங்க” என்றார். பெரியவனுக்கு அப்போது கல்லூரிப் படிப்பே முடியவில்லை. அக்கா, “சரிங்க” என்று மட்டும் சொன்னார். அப்படித்தான் நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்துக்குக் குடிவந்தோம். எனக்குக் கோபம். “வாய மூடிட்டு இருந்திருந்தா இந்த அலைச்சல் உண்டா அக்கா?” என்று கேட்டேன். சாமான் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “இல்லைதான்” என்றார். அந்தப் பதில் இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது.

நாலு வெள்ளிக்கிழமை அக்கா தனியாகக் கழுவினார். ஐந்தாவது வாரம் கணக்கு டீச்சர் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் கல்வி அதிகாரி பள்ளிக்கு வந்துவிட்டார். டீச்சர் ஒருவர் துடைப்பத்தோடு வெளியே வந்ததைப் பார்த்து விசாரித்திருக்கிறார். கட்டுரை நோட்டும் அவர் கைக்குப் போனது. அவர் சரசுவின் பக்கத்தைப் படித்துவிட்டு, “பாடத்துல இருக்கறத எழுத வெச்சாப் போதாதுங்களா?” என்று மட்டும் கேட்டாராம். பாடத்திட்டத்துக்கு வெளியே எழுத வைத்ததற்கு விளக்கம் கேட்டு அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. ஆனால் வருடக்கணக்காகக் கிடைக்காத ஆளைப் பஞ்சாயத்து ஒரே மாதத்தில் நியமித்தது.

வந்த ஆள் சரசுவின் அம்மா.

அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அந்த அம்மா நேராக அக்காவிடம் வந்து, “உங்க புண்ணியமுங்க டீச்சர். இத்தன நாளாப் புள்ளை சும்மாக் கழுவுச்சு. இனி மாசமானாச் சம்பளம் வருமுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அக்கா வீட்டுக்கு வந்ததும், “சந்தோசப்படறதா என்னன்னு சொல்லு” என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இன்றும் தெரியாது. அந்தக் கேள்வியோடுதான் அவர் அதன் பிறகு நடமாடினார் என்று நினைக்கிறேன். ஒரு இடத்தில் அவரால் முன்னைவிடவும் நிற்க முடியாமல் போனது அதற்குப் பிறகுதான்.

அடுத்த ஜூனில் மாற்றல் வந்தது. கோயமுத்தூருக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பள்ளி. காலையில் ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, காந்திபுரத்தில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து, அங்கிருந்தும் நடக்க வேண்டும். உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே நோட்டுத் திருத்துவாராம். கண்டக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். புதுப் பள்ளியில் முதல் காரியமாக, வெள்ளிக்கிழமை என்ற அதே தலைப்பைக் கொடுத்தார். அந்தப் பள்ளியில் அப்படி எதுவும் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு வருடமும் அந்தத் தலைப்பைக் கொடுத்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை படித்த பிறகுதான் பேனாவை எடுப்பார். அதனால் நோட்டுகள் திருப்பிக் கொடுக்கத் தாமதமாகும். அதற்காகவும் ஏச்சு வாங்கினார்.

உடம்பில் ஒரு கட்டி இருப்பதை எங்களிடம் சொல்லவில்லை. பிறகு சொன்னபோது, அரைப் பரீட்சை முடியட்டும் என்றார். அது முடிந்ததும் முழுப் பரீட்சை முடியட்டும் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் மச்சானைத்தான் திட்டினார். ஆபரேசனுக்குப் பிறகும் எட்டு மாதம் இருந்தார். அதில் ஐந்து மாதம் பள்ளிக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். கடைசி இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில், நர்சம்மா திட்டத் திட்ட, சலைன் பாட்டில் தொங்கிய கம்பியைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடந்தார்.

“உக்காருக்கா கொஞ்சம்.”

“முப்பத்தோரு நோட்டுப் பாக்காமக் கெடக்குதுடா. எழுதிக் குடுத்துட்டுக் காத்துட்டு இருக்கும் புள்ளைக.”

நான் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். கொண்டுவந்தும் கொடுத்தேன். ஐந்து நோட்டுப் பார்த்தார். ஆறாவதைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். மறுநாள் காலையில் மச்சானும் நானும் பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு நின்றது.

அடக்கத்துக்குச் சரசுவும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். சரசு இப்போது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். கல்லறைத் தோட்டத்தில் என்னிடம், “அன்னைக்கு டீச்சர் சீமாத்தை வாங்குனப்ப எனக்கு ரொம்ப வெக்கமாப் போச்சுங்கண்ணா. ஏன் எழுதுனோம்னு இருந்துச்சு. பொறவுதான் நல்லதுன்னு தெரிஞ்சுது. எத்தனையோ நாளுக்குப் பொறவு” என்றாள். அந்தத் தலைமையாசிரியரும் மாலையோடு வந்து கடைசி ஆளாக வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்கிறார் மச்சான். வந்ததற்கு நன்றி.

சிகிச்சை பார்த்த டாக்டருக்கும், அக்காவோடு வராந்தாவில் சேர்ந்து நடந்த நர்சம்மாவுக்கும், ரத்தம் கொடுத்த என் கம்பெனி நண்பர்கள் ஒன்பது பேருக்கும், கேட்காமலே ஆட்டோ அனுப்பிய மில் தோழர்களுக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தைக்கும், அக்காவின் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட ஆசிரியைகளுக்கும், அன்று தண்ணீர் எடுத்துக் கொடுத்த கணக்கு டீச்சருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனைமலையிலிருந்து வந்து மூன்று நாள் தங்கிச் சமையலைப் பார்த்துக்கொண்ட சித்தி குடும்பத்துக்கு என்ன சொன்னாலும் போதாது.

அந்த நோட்டுகளை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுக்கப் போனேன். அதற்குள் பரீட்சை முடிந்து அவர்கள் ஆறாம் வகுப்புக்கு வெவ்வேறு பள்ளிகளுக்குப் போயிருந்தார்கள். லீவு நாளில் முகவரி விசாரித்து ஒவ்வொன்றாகக் கொடுத்து வருகிறேன். முதலில் ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்தேன். வாங்கியதும் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள். மார்க் இல்லை.

“டீச்சர் இதப் படிச்சாங்களாண்ணா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “இல்லை அம்மணி. படிக்க முடியலை” என்றேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, “நான் படிக்கட்டுமா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தந்தாள். அவர்கள் வாசல் படியில் உட்கார்ந்து ஒரு முறை படித்தேன். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை படித்தேன். தம்பிக்குக் காய்ச்சல் வந்து, ராத்திரி முழுக்க அம்மா அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டதை எழுதியிருந்தாள். காய்ச்சல் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அது போன வருசமுங்க, இப்ப நல்லா ஓடறான் என்றாள்.

இன்னும் பதினோரு நோட்டு என்னிடம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைத் தெரிந்தவர்கள் இந்த மலரைப் படித்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நானே வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து படித்துவிட்டுக் கொடுக்கிறேன்.

நன்றியுடன்,
தம்பி
பெரியநாயக்கன்பாளையம்